அன்புச்செல்வி அசையாமல் நிற்கும் ஐந்து நொடி

ஆரணியில் வாயடிக்காமல் பட்டுப்புடவை விற்றவர் யாரும் கிடையாது. அன்புச்செல்வி வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஆதிலட்சுமி. பழனியண்ணாவின் பட்டுக் கடையில் பார்சல் கட்டுகிறேன். மதியம் மூன்று மணிக்கு யூடியூப்பில் லைவ் ஆரம்பித்தால் கேமராவும் நான்தான். செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் பின்னால் நிற்பதற்குப் பெயர் கேமரா என்றால், நான் கேமரா. வருகிற கமெண்ட்டை உரக்கப் படிப்பதும் என் வேலை. என் வீட்டுக்காரர் வீட்டிலேயே கைத்தறியில் நெய்கிறார். அவர் பேசுவதே இல்லை, அதனால் எனக்குப் பேச நிறைய மிச்சமிருக்கிறது.

லைவ் வியாபாரம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறத்திலும் ஒரே ஒரு புடவை. அதை விரித்துக் காட்டுவோம். பிடித்தவர்கள் செல்போனில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வாட்ஸப்புக்கு அனுப்ப வேண்டும். முதலில் யாருடைய படம் வருகிறதோ அவருக்குப் புடவை.

அன்புச்செல்விக்கு முன்னால் புடவை காட்டியவள் சுகன்யா, பழனியண்ணாவின் அக்கா மகள். நல்ல பெண். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! முந்தானையைக் காட்டிக்கொண்டே கரைக்குப் போவாள், கரையைச் சொல்லிக்கொண்டே அடுத்த புடவையை உருவிவிடுவாள். பார்க்கிறவர்கள் பட்டனைத் தேடுவதற்குள் புடவை போய்விடும். வந்து சேரும் படங்களில் பாதிக்கு மேல் சுகன்யாவின் முழங்கைதான் இருக்கும். ஓர் அம்மா அனுப்பிய படத்தில் சுகன்யாவின் திறந்த வாய் மட்டும் இருந்தது. கீழே, "இது வேண்டும், என்ன விலை?" என்று எழுதியிருந்தார்.

அந்த நேரத்தில் புடவை மடிக்க வந்து சேர்ந்தவள்தான் அன்புச்செல்வி. தேவிகாபுரம் பக்கத்துப் பெண், பி.காம். முடித்தவள். அதற்கு முன் இரண்டு வருடம் செய்யார் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ், ராத்திரி கம்பெனி பஸ், நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஊசி. தும்மல் வந்தால்கூட கையை நிறுத்தாமல் தும்ம வேண்டுமாம். "அங்க நிக்கணும்னா பெல் அடிக்கணும்க்கா. பெல்ல அடிக்கறது நாம இல்ல," என்பாள். தம்பி நெடுஞ்செழியன் பாலிடெக்னிக் படிக்கிறான், அப்பா இல்லை. வேலையை விட முடியாமல்தான் அங்கே இருந்தாள். எங்கள் கடை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டாள்.

ஒரு நாள் சுகன்யாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டாமல் என்ன செய்யும்? பழனியண்ணா சுற்றுமுற்றும் பார்த்து, "அன்பு, நீ நில்லு," என்றார். அவள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையை விரித்தாள். இரண்டு வார்த்தை சொன்னாள். மூன்றாவது வார்த்தை வரவில்லை. பயத்தில் கண் அகல, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான் பின்னாலிருந்து, "பேசு, பேசு" என்று கையை ஆட்டுகிறேன், அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குள் கடை போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு படம். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி தெளிவு. கரை தெரிகிறது, புட்டா தெரிகிறது, ஜரிகை தெரிகிறது.

அன்றைக்குப் பயந்து நின்றவள், மறுநாள் தெரிந்தே நின்றாள். புடவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, "ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க" என்பாள். பிறகு அசைய மாட்டாள். நான் போனுக்குப் பின்னால் ஒவ்வொரு விரலாக மடக்குவேன். ஐந்தாவது விரல் மடங்கியதும் அடுத்த புடவை. மூன்று வைத்துப் பார்த்தோம், வயதானவர்களுக்குப் பற்றவில்லை. எட்டு வைத்துப் பார்த்தோம், ஆட்கள் வேறு கடை லைவுக்கு ஓடிவிட்டார்கள். ஐந்துதான் கணக்கு.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. அவள் அசையாமல் நிற்பதில் அவ்வளவு கெட்டிக்காரி ஆகிவிட்டாள், கண்கூட இமைக்க மாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த லைவில் திடீரென்று தொண்ணூறு பேர்தான் இருக்கிறார்கள். என்னவென்று பார்த்தால், நெட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து எல்லோரும் வெளியே போய்த் திரும்ப வந்துகொண்டிருக்கிறார்கள். ஓர் அம்மா வீட்டு மோடத்தைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார். இன்னொருவர் கேபிள்காரரைக் கூப்பிட்டுத் திட்டியே விட்டார். அப்புறம் நான்தான் அவளுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்து, அதன் கூண்டில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். நூல் ஆடினால் நெட் இருக்கிறது என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கும் அது பழகிவிட்டது.

போகப்போகத்தான் தெரிந்தது, அவளிடம் அந்த ஒரு நிற்பு மட்டும் இல்லை. விலை சொல்வதற்கு முன்னால் சின்னதாக ஒன்று நிற்பாள், மனதுக்குள் ஒரு விலையைப் போட்டுக்கொள்ள நமக்கு நேரம் தருகிற மாதிரி. புடவையில் எங்காவது நூல் இழுத்திருந்தால் அதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "இங்க ஒரு இழுப்பு இருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்லி அங்கேயும் ஐந்து நொடி நிற்பாள். எந்தக் கடையிலாவது குறையைக் காட்டி நிற்பார்களா? "பேசறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறேன். இவ சும்மா நிக்கறதுக்கும் சேத்து வாங்கறா பாரு," என்று பழனியண்ணா கிண்டல் செய்வார். ஆனால் திரும்பி வருகிற பார்சல் பாதியாகக் குறைந்ததும் கிண்டலும் குறைந்தது. சுகன்யா கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். அன்புச்செல்விதான் கடையின் முகம் என்று ஆயிற்று.

அப்போதுதான் பழனியண்ணா ஒரு காரியம் செய்தார். லைவுக்கு மேலே கொட்டை எழுத்தில், "நெசவாளர் வீட்டு மகள் தரும் ஆரணிப் பட்டு" என்று போட்டார். அன்பு அதைப் பார்த்துவிட்டு, "இத்த நான் சொல்லவேல்லியேண்ணா," என்றாள். "நீ சொல்ல வேணாம், நான் சொல்லிக்கறேன். இது வியாபாரம்," என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாராவது ஊர் எது என்று கேட்டால் ஆரணி என்று சொல்ல வேண்டும், வேறெதுவும் பேசக்கூடாது என்று ஏற்பாடு.

எங்கள் லைவை ஒரு நாள்கூட விடாமல் பார்ப்பவர் கோயம்புத்தூர் சுபலட்சுமி மேடம். வருடத்துக்கு இருபது புடவை எடுப்பார். அன்புவின் மேல் கொள்ளைப் பிரியம். "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதிவிடுவார். அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதம் நேரில் வருகிறேன், நாற்பத்திரண்டு புடவை வேண்டும், அப்படியே அன்பு வீட்டுத் தறியையும் பார்க்க வேண்டும் என்று போன் செய்தார். பழனியண்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா உன் ஊட்டுத் தறிய பாக்கணும்னு சொல்லுது அன்பு."

"எங்க ஊட்ல ஏதுண்ணா தறி?"

"அதான் சொல்றேன். ஒரு மணி நேரம் ஆதி ஊட்டுக்கு இட்டுகினு போ. இதான் என் ஊடு, இதான் எங்கம்மான்னு சொல்லு. முடிஞ்சிது. இதுல இன்னா பேஜாரு?" என்றவர் என் பக்கம் திரும்பி, "இன்னா ஆதி?" என்றார்.

"சரிண்ணா," என்றேன். "ஆனா இருவத்திநாலு வயசுப் பொண்ணுக்கு அம்மான்னு சொல்லி என்னக் கெழவியாக்கிட்டீங்களே!"

பழனியண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்பு ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எங்கம்மா தெனம் லைவ் பாத்துகினு இருக்குதுண்ணா," என்றாள்.

"பாக்கட்டும். லைவ்லயா சொல்லப் போற? அந்தம்மா வரும்போதுதான. இத பாரு அன்பு, நான் தப்பா ஒண்ணும் நெனைக்கல. ஆனா பட்டு வாங்க வர்றவங்க எப்பிடின்னு உனக்குத் தெரியும். இந்த ஆர்டர் போச்சுன்னா அப்புறம் உன்ன அங்க நிக்க வெக்க என்னால முடியாது. சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது சரி என்றா, புரிந்தது என்றா என்று நான் யோசிக்கவில்லை. எனக்கென்னவோ இது ஒரு மணி நேர நாடகமாகத்தான் தெரிந்தது. எந்தப் புடவை கட்டலாம் என்றுகூட யோசித்து வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை லைவ். ஆயிரத்து முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பு அரக்கு நிறத்தில், மாம்பழ மஞ்சள் கரை போட்ட புடவையை விரித்தாள். கரை, உடல், முந்தானை எல்லாம் சொல்லி முடித்தாள். அந்த நேரம் பார்த்து சுபலட்சுமி மேடத்தின் கமெண்ட் வந்தது. நான் உரக்கப் படித்தேன்.

"அன்பு, உங்க அம்மாவுக்கு வெள்ளியில குங்குமச்சிமிழ் செய்யக் கொடுக்கிறேன், பேர் பொறிச்சு. அம்மா பேர் என்ன? எந்தத் தெரு?"

படித்துவிட்டு, போனுக்குப் பின்னாலிருந்து என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். ஆ-தி-லட்-சு-மி. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். புடவையைப் பிடித்தபடி நின்றாள். பழக்க தோஷத்தில் நான் விரலை மடக்கினேன். ஐந்தும் மடங்கிவிட்டன. அடுத்த கையையும் மடக்கினேன். அதுவும் முடிந்தது. அவள் அசையவில்லை. "ஹேங் ஆயிடுச்சா?" என்று ஒரு கமெண்ட். "எனக்கும் நின்னுடுச்சு," என்று இன்னொன்று. "இல்லப்பா, பின்னாடி நூல் ஆடுது பாருங்க," என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார்.

"எங்கம்மா பேரு பச்சையம்மாள், மேடம்," என்றாள் அன்பு. "தேவிகாபுரம் பக்கத்துல, காலனியில இருக்கோம். எங்க வீட்ல தறி கெடையாது. எங்கம்மா கூலிக்கு நாத்து நடுது, களையெடுக்குது. நெசவாளர் வீட்டு மகள்னு மேல போட்டிருக்கறது நான் இல்ல. பொடவையப் பத்தி இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாம் நெசம். இந்தப் பொடவையும் சுத்தமான கைத்தறிதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு முந்தானையைத் தூக்கிப் பிடித்து ஐந்து நொடி நின்றாள்.

பழனியண்ணா பக்கத்து அறையிலிருந்து வாசல்படி வரை ஓடிவந்து, லைவில் தெரிந்துவிடுவோமே என்று அங்கேயே நின்றார். கமெண்ட் ஒன்றுகூட வரவில்லை. எப்போதும் சரசரவென்று ஓடிக்கொண்டே இருக்கிற இடம் அது. உண்மையிலேயே நெட் போய்விட்டதோ என்று நான் நூலைப் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆயிரத்து முந்நூறு என்றிருந்தது ஆயிரத்து அறுபது ஆயிற்று. அப்புறம் எழிலரசி என்ற பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. "நாங்களும் காலனிதான், வந்தவாசி பக்கம். ரெண்டு வருஷமா உங்ககிட்டதான் வாங்குறேன். அந்த அரக்கு எனக்கு." அதை இரண்டு தரம் உரக்கப் படித்தேன்.

அன்று சாயங்காலம் சுபலட்சுமி மேடத்திடமிருந்து பழனியண்ணாவுக்கு ஒரே வரி வந்தது. கல்யாணப் புடவையைக் காஞ்சிபுரத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று. அண்ணா அந்த வரியை அன்புவிடம் நீட்டிக் காட்டினார். அவள் படித்தாள், பையை எடுத்துக்கொண்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். மறுநாள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சரி, நானே நிற்கிறேன் என்று பழனியண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லைவில் நின்றார். சுகன்யாவுக்கு யாரிடமிருந்து அந்த வாய் வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாள். வந்த படங்களில் அண்ணாவின் தொப்பை நன்றாக விழுந்திருந்தது. "அன்பு எங்கே?" "அன்புக்கு உடம்பு சரியில்லையா?" "அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்று கமெண்ட்டுக்கு மேல் கமெண்ட். சனிக்கிழமை லைவ் முடிந்ததும் அவரே போனை எடுத்து, நெசவாளர் வீட்டு மகள் என்ற எழுத்தை அழித்தார். என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு நேரா போய் ஜல்தி அவள இட்டுகினு வா ஆதி. இனிமே ஊரு கேட்டா ஊரச் சொல்லட்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரம் பஸ் பிடித்தேன். இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சிமெண்ட் வீடு, வாசலில் செம்பருத்தி. அன்பு துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையோடு எழுந்து, "வாங்கக்கா" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் பெரிதாகச் சிரிக்கவும் இல்லை, பிகுவும் பண்ணவில்லை. "நாளைக்கு வரேங்க்கா. மூணு நாள் நின்னது போதும்," என்றாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தார். ஒல்லியான, நெட்டையான மனுஷி.

"நீதானம்மா கமெண்ட்டு படிக்கற கொரலு? கேட்டவொடனே தெரிஞ்சிகினேன். குந்தும்மா," என்று பாயைப் போட்டார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம் பொண்ணுக்கு அம்மாவா நடிக்கறேன்னு ஒத்துகினியாமே? நல்லா நடிப்பியா நீ?"

கேலிதான். ஆனாலும் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தப்புதாங்க," என்றேன்.

"யோசிச்சிதான் சொன்னியா?"

"இல்லீங்க. கேட்டவொடனே சரின்னுட்டேன்."

பச்சையம்மாள், "வெயில்ல வந்துகிற," என்று உள்ளே போய் சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புவோடு ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவள் நான். ஆனால் அந்த வீட்டில், அந்த டம்ளரைப் பார்த்து நீண்ட என் கை பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். நின்றது. அப்புறம் வாங்கி மடமடவென்று குடித்தேன், கீழே சிந்தக் குடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அன்பு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்தது.

"ரெண்டுக்கா," என்றாள் மெதுவாக.

"இன்னாடி ரெண்டு?" என்றார் பச்சையம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. கடைக் கணக்கு."

அம்மாவாக நடி என்றபோது ஒன்றுகூட எண்ணாமல் தலையாட்டியவள், ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு எண்ணியிருக்கிறேன். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. மறுநாள் சொன்னபடி வேலைக்கு வந்தாள், பழையபடி என்னை அக்கா என்றாள், என் குழம்பில் உப்பில்லை என்றாள். மூன்று மணிக்கு வெங்காய நிறப் புடவை ஒன்றை விரித்து, எடுத்துக்குங்க என்று சொல்லிவிட்டு நின்றாள். நான் விரலை மடக்க ஆரம்பித்தேன். இரண்டாவது விரலை மடக்கும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.